"உனக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 43. பினாங்கு மாநிலத்தின் செபராங் ஜெயாவில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு மேற்பார்வையாளர். கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். மகள் இவ்வாண்டு ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வு எழுதுகிறாள். மகன் இரண்டாம் படிவம். நீரிழிவு நோயாளியான மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டுக் கடன் என் 58ஆவது வயதில்தான் முடியும். இரண்டு கிரெடிட் கார்டுகளில் பாக்கி இருக்கிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்ட முடிகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மாமியாரின் மருத்துவமனைத் தேதி, டியூஷன் கட்டணம், காலைச் சமையல், கார்டு பாக்கி என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பிறகு தூக்கமில்லை. யாரிடமாவது சொன்னால், "உனக்கு என்ன குறை?" என்கிறார்கள். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்கள் ஐந்து பேரை வளர்த்தார். ஒருநாளும் இப்படிப் புலம்பியதில்லை. முன்பெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் தோழிகளோடு கோயிலில் பூக்கட்டப் போவேன். கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நின்றது, அப்படியே நின்றுவிட்டது. இப்போது எதிலும் மனம் ஒட்டவில்லை. கடன் கொஞ்சம் குறைந்து, மகளும் பல்கலைக்கழகம் போய்விட்டால் சரியாகிவிடுமா? அதுவரை சந்தோஷமாக இருக்க வழி ஏதும் உண்டா? அல்லது நான்தான் நன்றி கெட்டவளா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை, நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. மிகவும் களைத்துப்போயிருக்கிறீர்கள். நெஞ்சு நிறைய நன்றி இருந்தாலும், தூங்காத கண் எரியத்தான் செய்யும்.

"உனக்கு என்ன குறை?" என்று கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி வாயை அடைத்துவிடுகிறது. ஏற்கெனவே உள்ள வருத்தத்தோடு, வருத்தப்பட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. ஜார்ஜ் டவுனில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் நம் பெண்களில் பலர், உட்கார்ந்ததுமே மன்னிப்புக் கேட்கிறார்கள். பெரிய பிரச்சினை ஒன்றுமில்லை, உங்கள் நேரத்தை வீணாக்குகிறேன் என்கிறார்கள். அப்படித் தொடங்குபவர்கள் சொல்வதை நான் கூடுதல் கவனத்தோடு கேட்பேன். வாய்விட்டுச் சொல்ல இவ்வளவு கூச்சப்படுபவர்கள், பல வருடம் சொல்லாமல் இருந்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, இருட்டில் கொசுக்கடியோடு மரம் வெட்டி, பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து, எடை போடுகிறவர் சொன்ன கணக்கை வாங்கிக்கொண்டு திரும்பிய வாழ்க்கை அது. அதை யாரும் அழகுபடுத்திப் பேசக்கூடாது. அந்த உழைப்பு உடம்பை உருக்கியது, கூலியும் அற்பம். நீங்கள் பாயான் லெப்பாஸில் ஒரு பிரிவுக்கே பொறுப்பாக இருப்பதற்குப் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன.

ஆனால் அம்மா புலம்பவே இல்லை என்று எப்படித் தெரியும்? அப்போது நீங்கள் குழந்தை. லயத்து வீடுகளின் பொதுக்குழாயில் தண்ணீருக்கு வரிசை பிடித்து நின்ற பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எந்தக் குழந்தையும் உட்கார்ந்து கேட்டதில்லை. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போகலாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் அரிசி வாங்கலாம். பெரியவர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் நாலு வீட்டுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் வெட்டுக்கத்தி வீட்டின் மூலைக்குப் போய்விடும். கங்காணி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட மாட்டார். உங்கள் அம்மா சுமந்த பாரம் உங்களுடையதைவிடப் பெரியது. அதைப் பார்த்த கண்கள் சுற்றிலும் இருந்தன. உங்கள் பாரம் மூன்று மணி இருட்டில் உங்களுக்கு மட்டும் தெரிகிறது. ஆகவே அம்மாவோடு ஒப்பிட்டு உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட வழி. சந்தோஷத்தை நேராகத் துரத்தினால் அது கைக்கு எட்டுவதில்லை; இது வெறும் வேதாந்தமாகச் சொல்லப்படுவதில்லை. ஐரிஸ் மோஸ் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒரு சாராருக்கு, மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று வலியுறுத்தும் கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு மகிழ்ச்சியான படக்காட்சி ஒன்றைக் காட்டினார்கள். கட்டுரையைப் படித்தவர்கள்தான் அந்தக் காட்சியில் குறைவாக மகிழ்ந்தார்கள். நான் இப்போது போதுமான அளவு சந்தோஷமாக இருக்கிறேனா என்று அளக்கத் தொடங்கியதுமே ஏமாற்றம் உள்ளே வந்துவிடுகிறது. எனவே "எப்போதும் நல்லதையே நினையுங்கள், கண்ணாடி முன் நின்று சிரியுங்கள்" என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் தெரிவது மூன்று: உடம்பு ஓய்வு கேட்கிறது; வீட்டின் கவலை முழுவதும் ஒரே தலையில் இருக்கிறது; உங்களுக்கென்று இருந்த ஒரே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் எண்ணம். உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

43 வயதில் விடியற்காலை விழிப்பும், எரிச்சலும், எதிலும் ஒட்டாத மனமும் கவலையால் மட்டும் வருவதில்லை. மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹார்மோன்கள் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். தூக்கம் கெடுவது அதன் அறிகுறிகளில் ஒன்று. இதை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை, பெண்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே முகத்தோடு வரும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தூக்கமின்மை, சோர்வு இரண்டையும் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். மனநிலையையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அது தனித்தனியாக அளவிடும். நம்மில் பலர் இதை அவமானமாக நினைக்கிறோம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, என் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக் கடன் 58 வயது வரை இருப்பது ஆபத்தில்லை. இந்நாட்டில் பலரின் நிலை அதுதான். கிரெடிட் கார்டுதான் உங்கள் தூக்கத்தைத் தின்கிறது. குறைந்தபட்சத் தொகையாகிய ஐந்து விழுக்காட்டை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பேங்க் நெகாராவின் முயற்சியில் 2006இல் அமைக்கப்பட்ட ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இதற்காகவே இருக்கிறது. கட்டணம் கிடையாது. உங்கள் வரவு செலவைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய தவணைத் திட்டம் ஒன்றை வகுத்துத் தருவார்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள், இதுவும் உங்கள் தலையில் மட்டும் தங்கிவிடும்.

மூன்று மணி ஊர்வலத்தைக் குறைக்க ஒரு பழக்கம் இருக்கிறது. அதை 1983இல் பென்சில்வேனியாவின் தாமஸ் போர்க்கோவெக்கும் உடனாய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். கவலைப்படாதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே இடத்தில் ஒரே அரைமணி நேரத்தை ஒதுக்கிவிட்டால், மற்ற நேரங்களில் அதைத் தள்ளிவைக்கப் பழகிக்கொள்கிறது. உங்களுக்கு அதற்கு வசதியான இடம் மாலை கம்பெனி பஸ். தொழிற்சாலை வாசலில் ஏறியதும் ஒரு சிறு நோட்டை எடுத்து அன்றைய கவலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டில் ஒன்றைக் குறியுங்கள்: நாளைக்குச் செய்யக்கூடியது, என்னால் ஒன்றும் செய்ய முடியாதது. டியூஷன் கட்டணம் முதல் வகை. எஸ்பிஎம்மில் மகளுக்கு என்ன தேர்ச்சி வரும் என்பது இரண்டாவது. பஸ் நெரிசலைக் கடந்து பினாங்குப் பாலத்தில் ஏறியதும் நோட்டை மூடிப் பையில் போட்டுவிடுங்கள், கைப்பேசியையும் கூட. 13.5 கிலோமீட்டர் பாலம். அதில் பாதிக்கு மேல் கடலுக்கு மேலே போகிறது. அந்த நேரத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு நீங்கள் பதில் சொல்லாவிட்டால் எந்த உலகமும் இடிந்து விழாது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், "இதற்கு மாலை நேரம் இருக்கிறது" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் பலிக்காது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும் என்பதை என்னிடம் வருபவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இனி பூக்கட்டுவதற்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் முழுவதும் மற்றவர்களே இருக்கிறார்கள். நீங்கள் விரும்பிச் செய்த ஒன்றைப் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் வருகிறது. அதையும் போகிற போக்கில் எழுதிவிட்டு, "எதிலும் மனம் ஒட்டவில்லை" என்று அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். பீட்டர் லூவின்சன் என்ற உளவியலாளர் 1970களில் ஓரிகனில் மனச்சோர்வுற்றவர்களோடு வேலை செய்தபோது இதைத்தான் கவனித்தார். மனம் வாடியவர்கள், தங்களுக்கு இன்பம் தந்த காரியங்களை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். விட்டதால் மனம் மேலும் வாடுகிறது. வாடியதால் இன்னும் விடுகிறார்கள். மனம் ஒட்டாததால்தான் போகவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். போகாததாலும் மனம் ஒட்டாமல் போயிருக்கலாம். அதனால் விருப்பம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. முதலில் போய் உட்கார வேண்டும். விருப்பம் இரண்டு மூன்று சனிக்கிழமை கழித்து மெதுவாக வரும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கோயில்கள் மூடப்பட்டன. பிறகு திறந்தும்விட்டன. நீங்கள் மட்டும் இன்னும் திரும்பிப் போகவில்லை. பலருடைய வாழ்க்கையில் இப்படி ஏதோ ஒன்று அந்த ஆண்டோடு அறுந்துபோனது. பூப்பந்து ஆட்டம், காலை நடை, வாரம் ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போவது என்று ஆளுக்கு ஒன்று. தொற்று போன பிறகும் அந்த இடங்களை வேலையும் கைப்பேசியும் நிரப்பிக்கொண்டன. நம்மிடமிருந்து போனது என்ன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பூக்கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பாருங்கள். நனைத்த வாழைநாரை இடக்கையில் பிடித்து, இரண்டு மல்லிகையை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலால் கண்ணி போட்டு இழுக்கிறீர்கள். கொஞ்சம் தளர்ந்தால் பூ உதிரும். அதிகமாக இழுத்தால் காம்பு அறும். இடையில் துளசியோ மருவோ வரும். விரல்களுக்கு எப்போதும் வேலை இருக்கிறது, கண் அங்கேயே இருந்தாக வேண்டும். வாயும் காதும் பக்கத்தில் இருப்பவர்களுக்காகச் சும்மா கிடக்கின்றன. ஹார்வர்டில் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் 2250 பேரைக் கைப்பேசி வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம், 46.9 விழுக்காடு, செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு மனம் வேறெங்கோ அலைகிறது என்று கண்டார்கள். அலைகிற நேரத்தில் மகிழ்ச்சி குறைகிறது. பூக்கட்டும்போது அலைய இடமில்லை. அதோடு அங்கே நீங்கள் யாருக்கும் மேற்பார்வையாளர் இல்லை, அம்மா இல்லை, மருமகள் இல்லை. சரம் நீளமாக வந்தால் தோழி பாராட்டுவாள். கோணலாக வந்தால் கேலி செய்வாள். இதைத்தான் உங்களுக்கு மருந்தாக எழுதித் தருகிறேன். கடன் தீர்ந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். 58 வயது வரை தள்ளிவைத்தால், அங்கே உங்களோடு உட்கார யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? தோழிகளில் ஒருவருக்கு இன்றே குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று விளக்கம் வேண்டாம். சனிக்கிழமை நானும் வருகிறேன் என்பது போதும்.

சனிக்கிழமை மாலை வீட்டை யார் பார்ப்பது என்று உடனே தோன்றும். உங்கள் வீட்டில் உங்களைத் தவிர நால்வர் இருக்கிறார்கள். இரண்டாம் படிவப் பையனுக்கு அரிசி கழுவிக் குக்கரில் வைக்கத் தெரியாவிட்டால் இந்த வாரம் கற்றுக்கொள்ளட்டும். மகளுக்கு எஸ்பிஎம் என்பதால் அவளை விட்டுவிடுங்கள், ஆனால் அப்பெண் தன் தட்டைத் தானே கழுவலாம். மாமியாரின் மருத்துவமனைத் தேதிகள் முழுவதையும் கணவரிடம் ஒப்படையுங்கள். "நான் ஞாபகப்படுத்துகிறேன், நீங்கள் அழைத்துப் போங்கள்" என்றால் பாரம் உங்களிடமே இருக்கும். தேதி அட்டை அவரிடம் இருக்க வேண்டும், விடுப்பு அவர் எடுக்க வேண்டும், மருந்து தீர்ந்தால் அவர் கவனிக்க வேண்டும். முதல் தடவை தவறினால் தவறட்டும், பாய்ந்துபோய் வாங்கிவிடாதீர்கள். அவருடைய அம்மாதானே.

வேலையிடத்திலும் கேட்க ஒன்று இருக்கிறது. திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி வாரத்துக்கு 45 மணிநேரம்தான் உச்சவரம்பு. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். நிறுவனம் 60 நாளுக்குள் எழுத்து மூலம் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கக் கேட்டாலும் அது பெரிய மாற்றம். மேற்பார்வையாளர் கேட்டால் பிரிவில் இருக்கும் மற்றப் பெண்களும் நாளைக்குத் துணிந்து கேட்பார்கள்.

கணவரோடு எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இந்த இடத்தில்தான் காரியம் கெடுகிறது. இரவு பதினோரு மணிக்கு, பாத்திரம் கழுவிக்கொண்டே, கோபத்தோடு தொடங்காதீர்கள். அவர் ஓய்வாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிய பிறகு, இருவரும் வெளியே எங்காவது உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்; அவருக்கு அது தெரிந்திருக்காது. பக்கத்தில் படுத்திருந்தும் தெரியாதா என்று வருத்தப்படாதீர்கள், நீங்கள் சத்தமில்லாமல் விழித்திருக்கப் பழகிவிட்டீர்கள். பிறகு அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். அவராகவே படிக்கட்டும், நீங்கள் இடையில் விளக்கம் சொல்ல வேண்டாம். படித்து முடித்ததும், இதில் எந்த மூன்றை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்பதையும், அவர் எந்த மூன்றை எடுத்துக்கொண்டார் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.